கியர் நாப்பா, உறையா, இரண்டுமா? வாங்கும் முன் அடியில் பாருங்கள்

கியர் நாப், அதாவது கியர் லீவரின் தலையில் நாம் பிடிக்கும் குமிழ், கெட்டுப்போனதை உள்ளங்கைதான் முதலில் சொல்லும். வெயிலில் நின்ற காரில் ஏறி முதல் கியர் போட்டதும் லேசாகப் பிசுபிசுக்கும். சில வாரம் கழித்து சட்டையிலும் பேன்ட்டிலும் கறுப்புத் துகள்கள் ஒட்டியிருக்கும். குனிந்து பார்த்தால் லீவரைச் சுற்றியுள்ள உறையும் மடிப்பு மடிப்பாக வெடித்து, உள்ளே இருக்கும் துணி பல்லிளிக்கும். சரி, மாற்றிவிடலாம் என்று போனை எடுத்துத் தேடினால் நூறு விதம் வந்து நிற்கும்: மரம், எஃகு, தோல், கார்பன் ஃபைபர் மாதிரி பளபளப்பது, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று சத்தியம் செய்வது.

அந்த உறைக்கு ஆளுக்கு ஒரு பெயர். கெய்ட்டர் என்பார்கள், கியர் பூட் என்பார்கள், பலர் வெறுமனே கவர் என்பார்கள். ‘பூட்டை மாற்றினேன்’ என்று எழுதினால் கதவுப் பூட்டு நினைவுக்கு வருகிறது. அதனால் நான் உறை என்றே எழுதுகிறேன்.

எதை வாங்குவது என்பது நாப்பின் அழகைப் பொறுத்த விஷயமே இல்லை என்பது என் கட்சி. லீவரின் தலையில் நாப் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, தெரியாமல் ரிவர்ஸ் கியர் விழுந்துவிடாமல் காக்கும் தடுப்பு எங்கே இருக்கிறது, இந்த இரண்டும் தெரிந்தால் நூறு விதம் இரண்டு மூன்றாகச் சுருங்கிவிடும். ஆகவே முதலில் கழற்றிப் பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். நான் தலைகீழாகச் செய்தவன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

உறையைத் தூக்குவது

காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வையுங்கள். வேலைக்கு நடுவில் லீவர் அடிக்கடி நியூட்ரலுக்கு வந்து போகும். கியரில் போட்டிருக்கிறோம் என்று நம்பியிருக்க முடியாது.

உறையின் அடிப்பக்கம் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியோ, பின் அடித்தோ இருக்கும். அந்தச் சட்டம் முன் சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் நான்கைந்து கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பல கார்களில் சட்டத்தின் பக்கவாட்டை இரண்டு விரலால் உள்நோக்கி அமுக்கினாலே ஒரு பக்கக் கிளிப் ‘டக்’ என்று விடும். அங்கிருந்து சுற்றி வந்தால் போதும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினால் கன்சோலின் ஓரத்தில் ஒரு பள்ளம் விழும், அது காரை விற்கும் நாள் வரை கண்ணை உறுத்தும். பிளாஸ்டிக் நெம்பி இல்லையென்றால் தேதி முடிந்த பழைய பேங்க் கார்டு நன்றாகவே வேலை செய்யும். குளிர் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள். பிளாஸ்டிக் விறைத்திருக்கும்போதுதான் கிளிப் உடைகிறது.

சட்டம் விட்டதும், பெருங்காற்றில் குடை மேலே மடங்குமே, அப்படி உறையை நாப்பின் மேல் புரட்டிவிடுங்கள். இப்போது தெரிவதுதான் நாப்பின் கழுத்து. உறையின் மேல்வாய் அங்கே ஒரு பிளாஸ்டிக் வளையத்திலோ, கேபிள் டை போட்டோ கட்டப்பட்டிருக்கும். டார்ச் அடித்து இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாப்பிலிருந்து ஒயர் ஏதாவது கீழே போகிறதா என்றும் பாருங்கள். தலையில் பட்டனோ விளக்கோ உள்ள நாப்பைத் திருகிக் கழற்றினால் ஒயர் முறுக்கி அறுந்துவிடும்.

கழுத்தில் என்ன இருக்கிறது?

முதல் வகை மரை போட்டது. லீவரின் நுனியே ஒரு போல்ட் மாதிரி இருக்கும், நாப்பை இடப்பக்கம் திருகினால் கழன்று வரும். ஜப்பானியக் கார்களில் இது சகஜம். ஹோண்டாவில் பெரும்பாலும் 10 மி.மீ. குறுக்களவில் 1.5 பிட்ச் (ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள இடைவெளி, மில்லியில்), மஸ்தாவில் 10-க்கு 1.25, டொயோட்டாவில் 12-க்கு 1.25. மாற்றுவதற்கு இதைவிடச் சுலபமான வகை கிடையாது.

இரண்டாவது, கிளாம்ப் போட்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா குடும்பத்தில் பல கார்களில் நாப்பும் உறையும் ஒன்றோடொன்று சேர்ந்த ஒரே சாமானாக வரும். உறையைப் புரட்டினால் கழுத்தில் ஒற்றைக் காது வைத்த ஒரு தகட்டுக் கிளாம்ப் தெரியும். அந்தக் காதைக் கட்டிங் பிளேயரால் வெட்டினால் மொத்தமாக மேலே வந்துவிடும். திரும்பப் போடப் புதுக் கிளாம்ப் வேண்டும், வெட்டிய பழசு உதவாது.

மூன்றாவது, வெறும் இறுக்கத்தில் நிற்பது. பிஎம்டபிள்யூவின் பல மாடல்களில் மரையும் கிடையாது, கிளாம்பும் கிடையாது. இரண்டு கையாலும் பிடித்து நேர் மேலே இழுக்க வேண்டும், அதுவும் சாதாரண இழுப்பு போதாது. வரும்போது சொல்லிக்கொண்டு வராது. முகத்தை நாப்புக்கு நேர் மேலே வைத்து இழுத்தவர்களின் உதடு எத்தனை கிழிந்திருக்கும் என்று கணக்கெடுத்தால் பெரிய பட்டியலே வரும். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இழுங்கள். சில கார்களில் இதே மாதிரி நாப்பைப் பசை போட்டும் ஒட்டியிருப்பார்கள். அங்கே ஹேர் டிரையரால் கழுத்தைச் சூடாக்கி, பொறுமையாக ஆட்டி ஆட்டி எடுக்க வேண்டும். வரவே மாட்டேன் என்றால் நாப்பைப் பலி கொடுத்து வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. பழசு எப்படியும் குப்பைக்குத்தானே போகிறது.

இனி ரிவர்ஸ் தடுப்பு. சில கார்களில் லீவரைக் கீழே அமுக்கி ரிவர்ஸ் போடுவோம். ஃபோக்ஸ்வாகன் அப்படித்தான். அங்கே தடுப்பு முழுக்க அடியில் இருப்பதால் நாப்பைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. வேறு சில கார்களில் நாப்புக்குக் கீழே ஒரு வளையம் இருக்கும், அதை இரண்டு விரலால் தூக்கினால்தான் ரிவர்ஸ் விழும். ரெனோ, ஓப்பல், ஃபோர்டு, ஹூண்டாய் கார்கள் பலவற்றில் பார்த்திருப்பீர்கள். உங்கள் காரில் வளையம் இருந்தால் வெளியில் கிடைக்கும் நாப்புகளில் முக்கால்வாசியை இப்போதே மறந்துவிடலாம்.

ஏன் என்றால், அந்த வளையம் லீவரின் மேல் வழுக்கி ஏறி இறங்கும் ஒரு குழாயையோ, உள்ளே போகும் ஒரு கேபிளையோ இழுக்கிறது. பொதுவான நாப்பை மாட்டினால் வளையத்துக்கு மேலே முட்டுக்கொடுக்கவும், ஏறி இறங்கவும் சரியான இடம் கிடைக்காது. இதைவிட மோசமானது உறையின் மேல்வாயை அந்த வளையத்திலேயே இறுக்கிக் கட்டிவிடுவது. உறை புரளும்போதெல்லாம் வளையம் அரை மில்லி, ஒரு மில்லி மேலே இழுபடும். தடுப்பு பாதி திறந்தே கிடக்கும். முதல் கியர் என்று நினைத்து லீவரைத் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் ரிவர்ஸ் ‘கரகர’ என்று அரைபடும் அபாயம் இருக்கிறது.

எதை வாங்கலாம்?

மேலே மாட்டும் சிலிக்கான் தொப்பியை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். நாப்பின் மேல் அது வழுக்கும், கியர் மாற்றும் கை அதைத் திருகும், மூன்று மாதத்தில் வாய் தளர்ந்து கழன்று வரும். அடியில் பிசுபிசுப்பு அப்படியே இருக்கும்.

தைத்து மாட்டும் தோலுறையைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். பழைய நாப்பின் வடிவம் கைக்குப் பழகியிருந்தால், தோல் மட்டும்தான் உரிந்திருக்கிறது என்றால், மேல் ஒட்டிய பழைய தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு மெல்லிய தோலை வைத்து இரண்டு ஊசியால் மெழுகு நூலில் தைக்கலாம். ஒரு மதிய நேரம் போகும். வளையத் தடுப்பு உள்ள கார்களுக்கு இது அருமையான வழி, ஏனென்றால் இயந்திரத்தை நாம் தொடவே இல்லை. கியர் வரிசைப் படம் தோலுக்கு அடியில் மறைந்துவிடும் என்பது ஒரு குறை. வேறு யாராவது காரை ஓட்டுவார்கள் என்றால் அந்தப் படத்தைக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.

அடுத்து, கம்பெனி உதிரிபாகம். விலை உறுத்தும். ஆனால் கிளாம்ப் வகைக்கும் வளைய வகைக்கும் நான் இதைத்தான் சொல்வேன். சட்டம், உறை, நாப், வளையம் எல்லாம் ஒன்றாக வரும், கிளிப் அதே இடத்தில் விழும், வேலை அரை மணியில் முடியும். பழைய காரிலிருந்து எடுத்த அசல் உதிரிபாகமும் நல்லதுதான், ஆனால் தோல் வகையாக இருந்தால் மட்டும். ரப்பர் பூச்சு பூசிய பழைய நாப்பை வாங்கினால் அதுவும் உங்களுடையதைப் போலவே பிசுபிசுக்கக் காத்திருக்கும். அந்த மென்மையான பூச்சும் மலிவான செயற்கைத் தோலும் பெரும்பாலும் பாலியூரித்தேன். ஈரமும் சூடும் சேர்ந்து அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை மெதுவாக அறுக்கின்றன. கைக்கு சானிடைசர் போட்ட ஈரத்தோடு கியர் போடும் பழக்கமும் பூச்சுக்கு ஆகாது.

மரை வகைக் கார் வைத்திருப்பவர்கள்தான் கொடுத்துவைத்தவர்கள். அவர்களுக்குத் தேர்வு நிறைய. மரை அளவை மட்டும் யாரையும் நம்பாமல் நீங்களே அளந்துகொள்ளுங்கள். லீவரின் மரையில் ஸ்கேலை வைத்துப் பத்துப் புரிகளின் நீளத்தைப் பாருங்கள்: 15 மில்லி வந்தால் பிட்ச் 1.5, பன்னிரண்டரை வந்தால் 1.25. ஸ்கேல் வைக்க இடமில்லையென்றால் அளவு தெரிந்த ஒரு போல்ட்டை லீவரின் மரையோடு பல்லுக்குப் பல் சாய்த்து வையுங்கள். சீப்போடு சீப்பு பொருந்துவது போல இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால் அதே பிட்ச்தான். புது நாப் வெறும் கையால் ஐந்தாறு சுற்று தடையில்லாமல் ஏற வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே இறுகினால் நிறுத்திவிடுங்கள். பலம் காட்டினால் மரை போய்விடும், போவது பெரும்பாலும் நாப்பின் உள்ளே இருக்கும் அலுமினிய மரையாக இருக்கும் என்பது மட்டுமே ஆறுதல். உள்ளே மரை வெட்டிய எஃகுக் குழாய் வைத்த நாப்பாகப் பார்த்து வாங்கினால் அந்தக் கவலையும் குறையும்.

இறுக்கி முடித்ததும் கியர் படம் கோணலாக ஜன்னலைப் பார்த்து நிற்கும். எல்லோருக்கும் நடப்பதுதான். நாப்பை மேலும் முறுக்காமல், அடியில் ஒரு மெல்லிய நட்டு போட்டு, படம் நேராக வரும் இடத்தில் நாப்பைப் பிடித்துக்கொண்டு நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். மரைப் பசை வேண்டுமென்றால் கைக் கருவியாலேயே கழற்ற முடிகிற நீல நிறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிவப்பு போட்டால் அடுத்த முறை கழற்ற நெருப்பு கேட்கும்.

இப்போது என் கதை. எல்லாக் காருக்கும் பொருந்தும் நாப் ஒன்றை, உறையைத் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கினேன். பெட்டிக்குள் மூன்று பிளாஸ்டிக் குழாய்கள், மூன்று குட்டித் திருகுகள், ஓர் ஆலன் கீ. லீவரின் மேல் குழாயைச் செருகி, நாப்பை வைத்து, மூன்று பக்கமும் திருகை இறுக்க வேண்டும். முதல் வாரம் பிரமாதமாக இருந்தது. பத்தாம் நாள் ஒரு மேட்டு வளைவில் மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு இழுத்தேன்; நாப் மட்டும் பூப்பறித்தது போல என் கையோடு வந்துவிட்டது. பின்னால் வண்டிகள். வெறும் கம்பியைப் பிடித்து இரண்டாம் கியர் போட்டு மேலே ஏறினேன், உள்ளங்கையில் மரையின் அச்சு பதிந்திருந்தது. ஆம், மரைதான். என் லீவரில் அழகாக மரை இருந்திருக்கிறது, அதன் மேல் பிளாஸ்டிக்கைச் செருகி அவ்வளவு நாள் ஓட்டியிருக்கிறேன்.

மூன்று திருகு முனைகள் பிளாஸ்டிக்கை அமுக்கி நிற்பதுதான் இந்த வகையின் மொத்தப் பலம். அதிர்வில் தளரும், வெயிலில் பிளாஸ்டிக் இளகும். மரையும் இல்லாத, வளையமும் இல்லாத வழுவழுப்பான லீவர், அசல் நாப் எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்றால் மட்டும் இதை வாங்குங்கள். அப்போதும் வாரம் ஒருமுறை ஆலன் கீயோடு ஒரு சுற்று போக வேண்டியிருக்கும்.

கனமும் உயரமும்

கனமான நாப் போட்டால் கியர் வெண்ணெய் மாதிரி விழும் என்பார்கள். பாதி உண்மை. 50 மில்லி விட்டமுள்ள உருண்டையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: எஃகில் செய்தால் சுமார் 510 கிராம், அலுமினியத்தில் 177, டெல்ரின் பிளாஸ்டிக்கில் 90-ஐ ஒட்டி. அரைக் கிலோ உருண்டை நகரத் தொடங்கிவிட்டால் தன் வேகத்திலேயே கியரின் தடையைத் தாண்டிப் போகும், கைக்கு மென்மையாகத் தெரியும். ஆனால் அடியில் லீவர் மூட்டைத் தாங்கும் புஷ் என்ற சிறு வளையம் தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால் எந்த நாப்பும் அதைச் சரிசெய்யாது. நாப்பைப் பிடித்து நியூட்ரலில் ஆட்டும்போது கஞ்சியைக் கிண்டுவது போல இருந்தால் காசைப் புஷ்ஷுக்குச் செலவழியுங்கள்.

உலோக நாப்பின் இன்னொரு முகம் வெயிலில் தெரியும். அலுமினியம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கைக்குக் கடத்தும். ஒரே வெப்பத்தில் இரண்டும் இருந்தாலும் அலுமினியம்தான் அதிகம் சுடும். மூடிய காரை வெயிலில் நிறுத்துபவர்களுக்குத் தோலோ டெல்ரினோ போதும், அழகுக்காகக் கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம்.

உயரத்தையும் பாருங்கள். லீவரின் மூட்டிலிருந்து நாப் வரை 200 மில்லி என்று வைத்துக்கொள்வோம். புது நாப் 20 மில்லி தாழ்ந்து உட்கார்ந்தால் கை நகரும் தூரம் பத்தில் ஒரு பங்கு குறையும், பதிலுக்குத் தள்ளும் பலம் ஏறக்குறைய அதே அளவு கூடும். உயர்ந்தால் இதற்கு நேர்மாறு. கேட்லாக் படத்தில் இது தெரியாது, பழைய நாப்பின் உள் ஆழத்தையும் புதியதன் ஆழத்தையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

உறையை மட்டும் மாற்றினால்?

நாப் நன்றாக இருந்து உறை மட்டும் கிழிந்தவர்கள்தான் அதிகம், அவர்கள் நாப் தேடி அலைவது வீண். உறை அலங்காரம் மட்டும் இல்லை. சத்தத்தையும் தூசியையும் அடியிலிருந்து வரும் சூட்டையும் தடுக்கிறது. சில்லறைக் காசு கிழிசல் வழியாக உள்ளே விழுந்து லீவர் மூட்டில் மாட்டிக்கொண்டால் ஏதோ ஒரு கியர் விழாமல் போகும், காரணம் தெரியாமல் கிளட்சைச் சந்தேகிப்பீர்கள்.

தயாராகக் கிடைக்கும் உறையில் சட்டத்தோடு வருவதையே வாங்குங்கள். சட்டம் இல்லாதது மலிவு, ஆனால் பழைய பின்களைப் பிடுங்கி, சட்டத்தின் ஓரத்தில் பசை தடவி, நான்கு மூலையும் சுருக்கமில்லாமல் ஒட்டுவதற்குள் பொறுமை போய்விடும். அதற்குத் தைத்துக்கொள்வதே மேல். பழைய உறையின் தையலைப் பிரித்தால் பெரும்பாலும் நான்கு துண்டுகள் கிடைக்கும். அவற்றை அட்டையில் வைத்து வரைந்து, தையலுக்கு ஓரம் விட்டு வெட்டி, சீட் கவர் தைக்கிறவரிடம் கொடுத்தாலும் சரி, நீங்களே தைத்தாலும் சரி. தோல் ஒரு மில்லியைச் சுற்றி மெல்லியதாக இருக்கட்டும். தடித்த தோல் மடியாது, கியரில் போட்ட லீவரை அதுவே திருப்பித் தள்ளப் பார்க்கும்.

தோலா, ரெக்சினா, அல்கான்டாராவா என்றால் உறைக்கு அல்கான்டாரா, நாப்புக்குத் தோல் என்பது என் தீர்ப்பு. ஜப்பானின் டோரே நிறுவனத்தில் மியோஷி ஒகாமோட்டோ 1970-ல் உருவாக்கிய செயற்கைத் துணி அது, பாலியஸ்டரும் பாலியூரித்தேனும் கலந்தது. நன்றாக மடியும், மடிப்பில் எளிதில் வெடிக்காது. ஆனால் உள்ளங்கை எண்ணெய் பட்டுக்கொண்டே இருந்தால் பஞ்சு அமுங்கி மினுமினுக்கும், அதனால் கை படாத உறைக்கு அது பொருத்தம். ரெக்சின் மலிவு, துடைக்கச் சுலபம், மடிப்பில் வெடிக்கும். இப்போது உங்கள் காரில் வெடித்திருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

மாட்டும்போது ஒரே ஒரு இடத்தில் நிதானம் வேண்டும். உறையைத் தலைகீழாக, அதாவது உட்புறம் வெளியே தெரியும்படி லீவரில் ஏற்றி, மேல்வாயைக் கழுத்தில் கேபிள் டையால் பாதி மட்டும் இறுக்குங்கள். கீழே இறக்கிச் சட்டத்தைக் கன்சோலில் வையுங்கள், கிளிப்பை அமுக்க வேண்டாம். இப்போது கிளட்சை மிதித்து முதல் கியர், இரண்டு, ஐந்து, ரிவர்ஸ் என்று நான்கு மூலைக்கும் போய் வாருங்கள். எங்காவது துணி விறைத்து லீவரை இழுத்தால், அல்லது ரிவர்ஸ் வளையம் தானாக எழும்பினால், மேல்வாயைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்ட வேண்டும். நான்கு மூலையிலும் தளர்வாக இருந்தால் புரட்டி, டையை முழுக்க இறுக்கி, வாலை வெட்டி, மறுபடி இறக்கிக் கிளிப்பை அமுக்குங்கள். டை உள்ளே மறைந்துவிடும்.

இதற்கு ஒர்க் ஷாப் தேவையா? மரை வகைக்கும் வெறும் உறைக்கும் வேண்டாம். பசை போட்டது, ஒயர் உள்ளது, கேபிள் இழுக்கும் வளையம், இந்த மூன்றுக்கும் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுப்பது நல்லது. நாப்பைத் திருகும்போது லீவரின் தண்டை இன்னொரு கையால் துணி சுற்றிப் பிளேயரில் பிடிக்கிறாரா என்று மட்டும் கவனியுங்கள். அப்படிப் பிடிக்காமல் முழு பலத்தையும் போட்டால் அது அடியில் இருக்கும் பிளாஸ்டிக் மூட்டில்தான் போய் இறங்கும். கழற்றிய பழைய நாப்பைத் தூக்கிப் போடாமல் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஒரு துணியில் சுற்றி வையுங்கள். என்னுடையது இன்னும் அங்கேதான் இருக்கிறது, பிசுபிசுப்போடு.